தலைப்பாகையும் மூவர் வரிசையும்: ‘லெஃப்டினன் அட்னான்’ திரைப்படமும் சரணடைய மறுத்தோர் வரலாறும்

முன்னுரை

தோல்வியில் முடிந்த ஒரு போரை நினைவில் வைத்துப் போற்ற விரும்பும் சமுதாயம், அத்தோல்விக்குள்ளே தோற்காத ஒருவரைத் தேடிக் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது. சரணடைய மறுத்து மடிந்த வீரர்களைப் பற்றிய திரைப்படங்கள் பல நாடுகளில் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். மலேசியாவில் அத்தகைய படங்களுள் முதன்மையானதாகக் கருதத்தக்கது, அஜீஸ் எம். ஒஸ்மான் இயக்கத்தில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ‘லெஃப்டினன் அட்னான்’. 1942 பிப்ரவரி 14-ஆம் நாள் சிங்கப்பூரின் புக்கிட் சண்டு குன்றில் உயிர்நீத்த அட்னான் பின் சைடி என்னும் மலாய் அதிகாரியின் வாழ்க்கை வரலாறே இப்படம். ஹைரி ஒத்மான் அட்னானாகவும், உமி ஐடா அவர்தம் துணைவியாராகவும் நடித்துள்ளனர்.

இப்படத்தின் கலைத்தரத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பல ஆண்டுகளுக்கு முன், இந்நாட்டு வரலாற்றைத் தமிழ் மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்த ஒரு வகுப்பில் புக்கிட் சண்டுப் போரைச் சொல்ல நேர்ந்தது. ஜப்பானியர் பஞ்சாபிச் சிப்பாய்களைப்போல் தலைப்பாகை அணிந்து வந்ததையும், அவர்களை அட்னான் அடையாளங் கண்டதையும் கேட்ட மாணவி ஒருவர், “ஐயா, அப்படியென்றால் உண்மையான பஞ்சாபிச் சிப்பாய்கள் அப்போது எங்கே இருந்தார்கள்?” என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

படமும் அதன் முன்னோடிகளும்

மலாய்ப் படையணியைப் பற்றிய முதற் படம் இதுவன்று. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டாகிய 1958-இல், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தின் தயாரிப்பாக ‘சார்ஜன் ஹசான்’ வெளிவந்தது. பிலிப்பீன்ஸ் நாட்டு இயக்குநர் லம்பெர்ட்டோ அவெல்லானா இயக்க, பி. ரம்லி நடித்த படம் அது. அதன் நாயகன் சாவதில்லை. போர் முடியும்வரை நின்று வெல்கிறான். ஜப்பானியரோடு ஒத்துழைத்த மலாய்க்காரரும் அப்படத்தில் உண்டு. ஆக்கிரமிப்புக் காலம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், பார்வையாளர்கள் அத்தகையோரைத் தங்கள் ஊர்களிலேயே கண்டிருப்பர். அவர்களை மறைத்துக் கதை சொல்ல இயலாது.

அடுத்ததாக 1981-இல் ஜின்ஸ் ஷம்சுடின் இயக்கி நடித்த ‘புக்கிட் கெப்போங்’ வந்தது. 1950 பிப்ரவரி 23-ஆம் நாள் விடியற்காலையில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சூழ்ந்துகொண்ட ஜொகூர்க் காவல் நிலையமொன்றில், சரணடையச் சொன்னபோது மறுத்துப் போரிட்ட காவலர்களின் கதை அது. எரியும் நிலையத்துக்குள்ளிருந்து வெளியேற மறுக்கும் மனிதர்கள் என்னும் காட்சிப்படிமம் மலாய்த் திரையில் வேரூன்றியது இப்படத்தினால்தான். ‘லெஃப்டினன் அட்னான்’ அதன் வழித்தோன்றல். 1958-இன் நாயகன் உயிர்பிழைத்து வெற்றியைக் காண்கிறான். 1981-க்குப் பிந்திய நாயகன் மடிந்தே வெற்றியடைகிறான். இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை மாறிவிட்டது; போரைக் கண்டவர்களுக்குச் சொல்லப்பட்ட கதை, போரைக் காணாதவர்களுக்குச் சொல்லப்படும் கதையாயிற்று.

சோதனைக் கம்பெனியும் போர்க்குடிகளும்

அட்னான் 1915-இல் காஜாங்கை அடுத்த சுங்கை ராமாலில் பிறந்தார். சிறிது காலம் ஆசிரியப் பணியாற்றிவிட்டு 1933-இல் படையிற் சேர்ந்தார். இவ்வாண்டு முக்கியமானது. 1933 மார்ச் முதல் நாள், போர்ட் டிக்சனில் 25 இளைஞர்களுடன் மலாய்ப் படையணி தொடங்கப்பட்டது. மலேசியத் தரைப்படை தன் நாளாக மார்ச் 1-ஐக் கொண்டாடுவது இதனால்தான். தொடக்கத்தில் அதற்கு இடப்பட்ட பெயர் ‘சோதனைக் கம்பெனி’. மலாய்க்காரர்கள் இராணுவக் கட்டுப்பாட்டுக்கு உட்படுவார்களா, அவர்களைப் போர்வீரராக்க முடியுமா என்பதே சோதனை. காலனி ஆட்சியாளருக்கு அதில் ஐயம் இருந்தது.

இந்த ஐயத்தின் மறுபக்கம் இந்தியாவில் இருந்தது. 1857-க்குப் பின் ஆங்கிலேயர் இந்திய மக்களைப் ‘போர்க்குடிகள்’ என்றும் அல்லாதோர் என்றும் வகுத்தனர். பஞ்சாபியர், சீக்கியர், பட்டாணியர், கூர்க்கர் முதலியோர் பிறவியிலேயே வீரர்; தென்னாட்டினர் போருக்கு ஆகார் என்பது அவர்தம் துணிபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இக்கருத்தை வற்புறுத்தியவர்களுள் ஒருவர். ஆர்க்காட்டிலும் மைசூரிலும் கும்பினிக்காக அரசுகளை வென்று கொடுத்த சென்னைக் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டது; இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அதன் பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. சாலையும் பாலமும் அமைக்கும் சென்னைச் சாப்பர் படை மட்டும் நீடித்தது. இரண்டாம் உலகப் போரின் ஆள்தேவைதான் சென்னைப் படையணியை மீண்டும் எழுப்பியது.

ஆகவே 1930-களின் மலாயாவில் காலனி ஆட்சியின் கண்ணுக்கு மூவகை மனிதர் தென்பட்டனர். வீரத்துக்கு இலக்கணமாகப் பஞ்சாபியர். சோதித்துப் பார்க்கப்பட வேண்டியவராக மலாய்க்காரர். அச்சோதனைக்கே உரியரல்லராகத் தோட்டப்புறத் தமிழர். இவ்வகுப்புமுறையை மனத்திற்கொண்டு பார்த்தாலன்றிப் புக்கிட் சண்டுக் காட்சியின் முழுப்பொருள் விளங்காது. பாடநூல்களும் படமும் இதனை எடுத்துரைப்பதில்லை.

பிப்ரவரி 13, 14

1942 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரின் வடமேற்கில் இறங்கினர். ஐந்து நாள்களுக்குள் தீவின் பெரும்பகுதி அவர்கள் வசமாயிற்று. முதாகுச்சி ரென்யாவின் 18-ஆம் டிவிஷன், தென்மேற்கே பாசிர் பாஞ்சாங் மேட்டுத் தொடரைத் தாக்கியது. அத்தொடரைக் கைப்பற்றினால் அலெக்சாண்ட்ரா வட்டாரத்திலிருந்த ஆயுதக் கிடங்குகளும் எண்ணெய்க் கிடங்கும் இராணுவ மருத்துவமனையும் பார்வைக்குக் கீழே வந்துவிடும். அங்கே நின்றது முதலாம் மலாயா பிரிகேட். அதன் உறுப்புகளுள் ஒன்று மலாய்ப் படையணியின் முதற் பட்டாளம்.

13-ஆம் நாள் அப்பட்டாளத்தின் ‘சி’ கம்பெனி, கேப்டன் ரிக்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின்கீழ்ப் பாசிர் பாஞ்சாங் கிராமத்தருகே போரிட்டது. ரிக்ஸ் கொல்லப்பட்டார். நள்ளிரவில் எஞ்சியோர் புக்கிட் சண்டுவுக்கு மாறினர். ‘சண்டு’ என்பது புகைப்பதற்கென்று பதப்படுத்திய அபினி. குன்றின் அடிவாரத்தில் அரசாங்கத்தின் அபினித் தொழிற்சாலை இருந்தமையால் அமைந்த பெயர். கூலிகளுக்கு அபினி விற்று அரசாங்கம் வருவாய் ஈட்டிய காலத்தின் எச்சம் அது. வீரத்தின் திருத்தலமாகப் பின்னாளில் மாறிய ஒரு குன்றுக்கு இப்பெயர் வாய்த்தது வரலாற்றின் குறும்பு என்றே தோன்றுகிறது.

அக்குன்றில் ‘சி’ கம்பெனிக்குப் பின்வாங்க வழியிருக்கவில்லை. நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய், பெரிய வடிகால் ஒன்றில் எரிந்தவாறு ஓடி, அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துவிட்டது. 14-ஆம் நாள் பிற்பகலில் சிப்பாய் அணியொன்று குன்றை நோக்கி வந்தது. தலைப்பாகையும் சீருடையும் பஞ்சாபியருடையவை. ஆனால் அவர்கள் நான்கு நான்கு பேராக நடந்துவந்தனர். பிரித்தானியப் பயிற்சிபெற்ற படைகள் அக்காலத்தில் மூவர் வரிசையிலேயே நடக்கும். அட்னான் இதனைக் கவனித்தார். அருகே வரவிட்டுச் சுட ஆணையிட்டார். ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். ஏனையோர் திரும்பி ஓடினர். சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஜப்பானியர் பெருந்திரளாகத் தாக்கினர். கையெறி குண்டும், பின்னர் துப்பாக்கிச் சனியனும் கைகலப்புமாகப் போர் முடிந்தது. காயமுற்ற நிலையிலும் அட்னான் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிக்கொண்டிருந்தார் என்பர். அவர் பிடிபட்டுச் சனியன்களால் குத்திக் கொல்லப்பட்டார். உடல் மரத்தில் தொங்கவிடப்பட்டது. இறுதிக் கணங்களைப் பற்றிய கூற்றுகள் ஒன்றோடொன்று முற்றும் பொருந்துவதில்லை. இறந்தாரைப்போல் கிடந்து உயிர்தப்பிய சிலரின் வாய்மொழியே இவற்றுக்கு அடிப்படை.

முபின் ஷெப்பர்ட் 1947-இல் வெளியிட்ட படையணி வரலாற்று நூலும், டோல் ராம்லி 1965-இல் அரச ஆசியக் கழக மலேசியக் கிளையின் ஆய்விதழில் எழுதிய நீண்ட கட்டுரையும் இப்போரைக் கற்பார்க்கு இன்றியமையாதவை. மலாயாப் போர் முழுவதிலும் மலாய்ப் படையணி இழந்தவர் 159 பேர்: ஆங்கில அதிகாரிகள் 6, மலாய் அதிகாரிகள் 7, ஏனைய நிலையினர் 146. ‘எலும்பு வெளுத்தாலும் வெளுக்கட்டும், கண் வெளுக்க வேண்டாம்’ என்னும் பொருள்தரும் மலாய்ப் பழமொழி அட்னானோடு சேர்த்தே இன்று நினைக்கப்படுகிறது. மானம் இழந்து விழிப்பதினும் மடிவதே மேல் என்பது கருத்து. மயிர்நீப்பின் வாழாக் கவரிமானைப் பேசும் மரபில் வந்த தமிழாசிரியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இங்குத்தான் முன்சொன்ன வகுப்புமுறை நினைவுக்கு வர வேண்டும். போர்க்குடியின் வேடம் தரித்து வந்தவனை, போருக்கு ஆவானா என்று ஒன்பதாண்டுகளுக்கு முன்புவரை சோதிக்கப்பட்டவன் அடையாளங் காண்கிறான். அடையாளங் காண உதவியதோ உடலாற்றலன்று, அணிவகுப்பு இலக்கணம். சோதனைக் கம்பெனியின் தேர்வு முடிவு அந்த மூவர் வரிசையில் எழுதப்பட்டது எனலாம். மலாய்ச் சமுதாயம் இக்காட்சியை ஏன் இத்துணைப் பற்றுடன் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்பதற்கு இதனினும் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

உண்மையான தலைப்பாகைகள்

மாணவியின் கேள்விக்கு வருவோம். ஜப்பானியர் ஏன் பஞ்சாபி வேடத்தைத் தேர்ந்தனர்? அவ்வாரத்தில் முதலாம் மலாயா பிரிகேடின் வலப்பக்கத்தை ஒட்டி நின்றது 44-ஆம் இந்தியப் பிரிகேட். அதன் மூன்று பட்டாளங்களும் பஞ்சாப்ப் படையணிகளைச் சேர்ந்தவை: முதலாம் பஞ்சாபின் ஆறாம் பட்டாளம், எட்டாம் பஞ்சாபின் ஏழாம் பட்டாளம், பதினான்காம் பஞ்சாபின் ஆறாம் பட்டாளம். போதிய பயிற்சியின்றி 1942 ஜனவரியில்தான் அவை சிங்கப்பூரில் வந்திறங்கியிருந்தன. எனவே பின்வாங்கும் பஞ்சாபிச் சிப்பாய்கள் மலாய் வீரர்களின் நிலைகளை நோக்கி வருவது முற்றிலும் இயல்பான காட்சி. வேடம் நம்பத்தக்கதாய் அமைந்தது, உண்மையானவர்கள் அண்டையில் இருந்தமையால்தான்.

அதே நாளில் இந்தியச் சிப்பாய் மற்றோரிடத்திலும் தோன்றுகிறார். அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் புகுந்த ஜப்பானியர் நோயாளிகளையும் மருத்துவ ஊழியரையும் கொன்றனர். பின்வாங்கிய இந்திய வீரர் சிலர் மருத்துவமனை வளாகத்தின் ஊடே சுட்டுக்கொண்டு சென்றதே அதற்குக் காரணமாயிற்று எனப் பல நூல்கள் கூறும். ஆக, பொதுநினைவில் எஞ்சிய பிப்ரவரி 14-இல் இந்தியர் இருமுறை வருகின்றனர்: ஒருமுறை பகைவன் அணிந்த உடையாக, மறுமுறை பிறர் சாவுக்குக் காரணமான ஓடுகாலியாக. மனிதராக ஒருமுறையும் வரவில்லை.

எண்ணிக்கையோ வேறு கதை சொல்கிறது. 1941 டிசம்பரில் மலாயாவைக் காத்துநின்ற சுமார் 88,600 பேரில் இந்தியர் 37,000, ஆங்கிலேயர் 19,600, ஆஸ்திரேலியர் 15,200, உள்நாட்டு ஆசியர் 16,800. கூட்டுப் படையின் மிகப் பெரிய பகுதி இந்தியரே. போர் முடிந்தபோது கணக்கிடப்பட்ட 138,708 பேர் இழப்பில் இந்தியர் 67,340. இவர்களுட் பெரும்பாலோர் கைதிகள்.

அவர்களிடையே சரணடைய மறுத்தவர் இல்லாமலில்லை. 1941 டிசம்பர் 8 பின்னிரவில், பேர்ல் துறைமுகம் தாக்கப்படுவதற்கும் முன்பாக, ஜப்பானியர் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியபோது எதிர்கொண்டது 17-ஆம் டோக்ரா படையணியின் மூன்றாம் பட்டாளம். கடற்கரைக் காவற்கூண்டுகளில் இருந்தோர் கூண்டுகளுக்குள்ளேயே மடிந்தனர். கிழக்காசியப் போரின் முதல் தரைச்சண்டை அது. 1942 ஜனவரி 2-ஆம் நாள் கம்பாரில், எட்டாம் பஞ்சாபின் சீக்கியக் கம்பெனி, கேப்டன் ஜான் கிரகாம் முன்செல்ல, துப்பாக்கிச் சனியனோடு மேடேறிப் பாய்ந்தது. இவற்றைப் பற்றி இந்நாட்டிலோ இந்தியாவிலோ பெயர் சொல்லத்தக்க படம் எதுவும் வரவில்லை. காரணம் வெளிப்படை. இந்தியாவுக்கு அவர்கள் பேரரசின் கூலிப்படை. மலேசியாவுக்கு அவர்கள் அயலார். தமிழருக்கோ அவர்கள் வடநாட்டார். உரிமை கோரும் சமுதாயம் இல்லாத வீரத்துக்குத் திரை கிடைப்பதில்லை. ஜனவரி 22-ஆம் நாள் பாரிட் சூலோங்கில், பின்னால் விட்டுவர நேர்ந்த காயமுற்றோர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியர், 40 இந்தியர். அந்நிகழ்வும் பெரும்பாலும் ஆஸ்திரேலிய நினைவாகவே வாழ்கிறது.

கோட்டையில் நடந்த கூட்டம்

அட்னானின் மறுப்பை அவர் மேலதிகாரிகளின் செயலோடு சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 10-ஆம் நாள் சர்ச்சில், சிங்கப்பூரை இறுதிவரை காக்க வேண்டும், தளபதிகளும் தம் வீரர்களோடு மடிய வேண்டும் என்னும் பொருள்பட வேவலுக்குத் தந்தியனுப்பினார். 13-ஆம் நாள் பிற்பகல், ‘சி’ கம்பெனி பாசிர் பாஞ்சாங்கில் போரிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஃபோர்ட் கேனிங்கில் பெர்சிவல் தம் தளபதிகளைக் கூட்டினார். மூன்றாம் இந்தியக் கோரின் ஹீத்தும் ஆஸ்திரேலியப் படையின் கோர்டன் பென்னட்டும் சரணடைவதே தக்கது என்றனர். பெர்சிவல் அன்று உடன்படவில்லை. வேவலும் போரைத் தொடரச் சொன்னார். இரண்டு நாள்கள் கழிந்தன. 15-ஆம் நாள் மாலை புக்கிட் திமா ஃபோர்ட் தொழிற்சாலையில் பெர்சிவல் கையொப்பமிட்டார், இரவு 8.30-க்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

சரணடையலாமா என்று மேலே ஆராயப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் கீழே ஒரு கம்பெனி சரணடைய மறுத்து அழிந்தது என்பதே நடந்தது. இதனால் அட்னானின் வீரம் குறைந்துவிடாது. அதே போழ்து பெர்சிவலைக் கோழையென்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. நகரில் அகதிகள் உட்பட ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் அடைபட்டுக் கிடந்தனர். குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து குடிநீர் ஓரிரு நாளில் நின்றுவிடும் நிலை. வீரன் தன் உயிரைத் தரலாம். தளபதி ஊராரின் உயிரைத் தரலாமா? சரணடைந்தும் ஊர் காப்பாற்றப்படவில்லை என்பது, அடுத்த சில வாரங்களில் சீனர் பல்லாயிரவர் கொல்லப்பட்டதால் தெளிவாயிற்று. ஆனால் அது 15-ஆம் நாள் பெர்சிவலுக்குத் தெரிந்திருக்க முடியாது. சரணடைய மறுப்போரைப் பாடும் படங்கள் யாவும் இக்கேள்வியைத் தொடாமல் செல்கின்றன. தனிக் குன்றில் பொதுமக்கள் இல்லை; அதனால் அங்கு அறம் எளிதாகிறது.

ஃபேரர் பார்க்

படம் குன்றிலேயே முடிந்துவிடுகிறது. வரலாறு மூன்று நாள் தள்ளி, பிப்ரவரி 17-ஆம் நாள், ஃபேரர் பார்க் திடலில் தொடர்கிறது. ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் அங்கே திரட்டப்பட்டனர். ஆங்கில அதிகாரியொருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சியிடம் ஒப்படைத்தார். ஆங்கிலேயர் வேறு, இந்தியர் வேறாகப் பிரிக்கப்பட்டதே பலருக்குக் கைவிடப்பட்டதாகப் பட்டது. ஜித்ராத் தோல்விக்குப் பின் ஜப்பானியர் பக்கம் சேர்ந்திருந்த கேப்டன் மோகன் சிங், இந்திய தேசிய இராணுவத்தில் சேருமாறு அழைத்தார்.

இத்திடலில் ‘மறுத்தல்’ என்னும் சொல் இரண்டாகப் பிளக்கிறது. இனிப் பேரரசுக்குப் பணியேன் என்று மறுத்தவர் ஒருசாரார். எடுத்த உறுதிமொழியை மீறேன், பகைவனோடு சேரேன் என்று மறுத்தவர் மற்றொருசாரார். பின்னவர்களுட் பலர் முகாம்களில் வதைபட்டனர். ஆயிரக்கணக்கானோர் நியூ கினி, நியூ பிரிட்டன் முதலிய தீவுகளுக்கு வேலைப்படைகளாக அனுப்பப்பட்டுப் பசியிலும் நோயிலும் மடிந்தனர். முன்னவர்களுள்ளும் மறுப்பு ஓயவில்லை. ஜப்பானியரின் நோக்கத்தில் ஐயுற்ற மோகன் சிங் 1942 டிசம்பரில் தம் படையைக் கலைத்தார். அவர்களாலேயே காவலில் வைக்கப்பட்டார்.

ஷா நவாஸ் கானின் கூற்று இவ்விடத்து நோக்கத்தக்கது. போரின் கடைசிக் கட்டத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, உடனே ஆயுதத்தைக் கீழே போடுமாறு ஆணையிடப்பட்டதைத் தம் படைவீர மானத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியாகக் கருதியதாக, பின்னாளில் செங்கோட்டை வழக்கில் அவர் கூறினார். தொடக்கத்தில் இந்திய தேசிய இராணுவத்தை எதிர்த்து நின்றவரும் அவரே. அதன் தலைமை அதிகாரிகளுள் ஒருவரானவரும் அவரே. அட்னானுக்குக் கிடைத்த சாவு அவருக்குக் கிடைக்கவில்லை. சரணடைவதா இல்லையா என்று தேரும் உரிமையும் கிடைக்கவில்லை. மேலிருந்து வந்த ஆணையால் சரணடைவிக்கப்பட்டவர் தம் மானத்தை எங்குத் தேடுவது என்பதே ஃபேரர் பார்க்கின் கேள்வி. இரு பிரிவினரும் அதற்கு நேர்மையான விடைகளையே அளித்தனர் என்பது என் கருத்து. அவற்றுள் ஒன்றைமட்டும் வீரமென்று கற்பிப்பது முறையாகாது.

மலேசியத் தமிழ் நூல்களில் இம்முறைகேடு நிலைபெற்றுவிட்டது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் தோட்டத் தமிழர் ஆணும் பெண்ணுமாய் அப்படையிற் சேர்ந்ததை நாம் பெருமையோடு எழுதுகிறோம். எழுத வேண்டியதே. போருக்கு ஆகாதவரென்று அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒதுக்கப்பட்டவர்கள் துப்பாக்கி ஏந்திய தருணம் அது. மலாய்ச் சமுதாயத்துக்கு மூவர் வரிசை எதைச் செய்ததோ அதையே நமக்கு அது செய்தது. ஆனால் நியூ கினியில் மடிந்த சிப்பாயைப் பற்றி நம் நூல்களில் ஒரு பக்கமும் இல்லை.

மலாய் வீரர்களும் அதே திடலுக்குக் கொண்டுவரப்பட்டனர். புக்கிட் சண்டுவுக்குப் பின் கெப்பல் கோல்ஃப் திடலருகே கூடிய சுமார் 600 பேர் ஆங்கில அதிகாரிகளிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கே சேர்க்கப்பட்டனர். பலர் பின்னர் ஊர் திரும்ப விடப்பட்டனர். ஜப்பானியருக்குப் பணிய மறுத்த மலாய் அதிகாரிகள் சிலர் அம்மாத இறுதியையொட்டிப் பிடோக்கில் கொல்லப்பட்டனர். தொண்டர் படையைச் சேர்ந்த கேப்டன் ராஜா அமான் ஷா அவர்களுள் ஒருவர். குன்றில் துப்பாக்கியோடு மறுப்பதினும், தோல்வி உறுதியான பின், வெறுங்கையோடு, வீட்டுக்குப் போகும் வழி கண்முன் திறந்திருக்கையில் மறுப்பது கடிது. இவர்களின் பெயர்கள் அட்னானின் பெயரளவுக்குப் பரவவில்லை. இறுதிச் சண்டைக் காட்சி இல்லாத வீரம் திரைக்கு உவப்பானதன்று போலும்.

நினைவிடங்கள்

1995-இல், போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டையொட்டிச் சிங்கப்பூரில் போர்க்கால இடங்கள் பலவற்றில் நினைவுப் பலகைகள் நடப்பட்டன. மலாய்ப் படையணி போரிட்ட கென்ட் ரிட்ஜ் மேட்டிலும், 1945-இல் தகர்க்கப்பட்ட இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னம் நின்ற எஸ்பிளனேடிலும் அவற்றைக் காணலாம். 2002 பிப்ரவரி 15-இல் புக்கிட் சண்டுவிலேயே, பழைய பங்களா ஒன்றில், நினைவு நிலையம் திறக்கப்பட்டது. 2021-இல் அது புதுப்பிக்கப்பட்டது. சீனர்க்கு டால்ஃபோர்ஸ், மலாய்க்காரர்க்குப் புக்கிட் சண்டு, இந்தியர்க்கு எஸ்பிளனேடு என்று நினைவும் இனவாரியாகப் பங்கிடப்பட்டதுபோல் தோன்றுகிறது. 44-ஆம் பிரிகேடின் பஞ்சாபியர் இப்பங்கீட்டில் எப்பக்கத்திலும் சேரவில்லை.

அவர்களையும் அட்னானையும் ஒருங்கே காணக்கூடிய இடம் கிராஞ்சி. அங்குள்ள சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தின் சுவர்களில், புதைகுழி அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் படையணிவாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அட்னானின் பெயர் மலாய்ப் படையணியின் கீழ் உள்ளது. பஞ்சாப்ப் படையணிகளின் பட்டியல்கள் வேறு சுவர்களில் நீள்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றபோது, அட்னானின் பெயரைத் தேடிக் கண்டு படமெடுத்துக்கொண்டவர்களிடம், முதலாம் பஞ்சாப், எட்டாம் பஞ்சாப், பதினான்காம் பஞ்சாப் என்னும் தலைப்புகளையும் தேடுமாறு சொன்னேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தேடி முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று.